குண்டுக்குப் போர்வை

குண்டுகள் மலையடியில் குவியலாகக் கிடந்தன. அவற்றை மலையுச்சிக்குத் தூக்கப்போவது யார் என்றுதான் மித்ஹத்துக்குத் தெரியவில்லை.

"கடைசிக் குண்டு வரைக்கும் மேல வந்து சேரணும். நீதான் பொறுப்பு" என்று சார்ஜெண்ட் அபூ ஷிஹாப் சொல்லியிருந்தார். "சேர்ந்தா வெள்ளிக்கிழமை லீவு. ஒண்ணு குறைஞ்சாலும் ஊரை மறந்துடு."

வெள்ளிக்கிழமை அவன் ஊரான இர்பிதில் அவனுக்குப் பெண் கேட்டுப் பெரியவர்கள் போகிறார்கள். போன தடவை மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காமல், பெண் வீட்டில் ஊற்றிய காப்பி குடிப்பாரின்றி ஆறிப்போனது. இன்னொரு முறை ஆறினால் வேறு வரன் பார்ப்பதாகப் பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

மித்ஹத் முந்தாநாள்தான் இந்தக் காலாட்படைக் கம்பெனிக்கு மாற்றலாகி வந்தவன். பழைய முகாமில் மோர்ட்டார் என்கிற குட்டைப் பீரங்கியும் குண்டும் ஜீப்பில் போகும். இங்கே எல்லாம் முதுகில். மோர்ட்டாரின் குழாயும் கால்களும் சார்ஜெண்டோடு முன்னால் போய்விட்டன. இவன் பங்குக்கு இரும்பு அடித்தட்டு. அதற்கு மேல் நாலு கிலோ குண்டு ஒன்றைத் தூக்கினாலே முழங்கால் மடங்கியது.

அப்போது கம்பெனியின் ரைஃபிள்காரர்கள் அந்தப் பக்கமாக வந்தார்கள். முதலில் வந்தவன் நாயிஃப், பெரிய மீசைக்காரன். குவியல் அருகே நின்றான்.

மித்ஹத் முந்திக்கொண்டான். "அண்ணே, ஒரே ஒரு குண்டு எடுத்துட்டு வாங்க. உங்க போர்வையை நான் சுமக்கிறேன்."

நாயிஃப் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு போர்வையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு குண்டை எடுத்துக்கொண்டு நடந்தான்.

இவ்வளவு சுலபமா என்று மித்ஹத் வியந்தான். அடுத்தவன் கேட்பதற்கு முன்பே தேநீர்க் கெண்டியை நீட்டினான். அதற்கடுத்தவன் அடுப்பை. ஒருவன் வழியில் வாங்கிய தர்பூசணியைக் கொடுத்துவிட்டு, பழம் அடிபடக் கூடாது என்று எச்சரித்தான். குவியல் கரைந்தது.

ஃபவ்வாஸ் என்கிற ஒல்லிப் பையன் மட்டும் எதுவும் கொடுக்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கடைசிக் குண்டை எடுத்து, மித்ஹத்துக்குப் பின்னாலேயே நடந்தான்.

பாதி ஏற்றத்தில் நாயிஃப் உட்கார்ந்துவிட்டான். குண்டு தோளை அறுக்கிறதாம். மித்ஹத் பயந்துபோய் அவனுடைய தண்ணீர்க் கேனையும் வாங்கிக்கொண்டான். அதைப் பார்த்த மற்றவர்களுக்கும் தோள் வலித்தது. இன்னும் மூன்று கேன்கள் வந்தன.

கேன்களைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டக் குனிந்தபோது தர்பூசணி உருண்டது. மித்ஹத் அடித்தட்டோடும் கெண்டியோடும் அதைத் துரத்திச் சரிவில் ஓடினான். சர்ச் மணி மாதிரி சத்தம் கேட்டது என்று பிற்பாடு ஒருவன் சொன்னான். பழம் முள்செடியில் சிக்கி நின்றது. அவன் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினான்.

பழத்துக்காரன் தட்டிப் பார்த்தான். "விரிசல் விட்ட மாதிரி இருக்கே?"

அதற்குப் பரிகாரமாக அவனுடைய மாற்று பூட்ஸ் ஜோடியையும் சுமக்க வேண்டியதாயிற்று.

மித்ஹத் ஓடும்போதும் ஃபவ்வாஸ் கூடவே ஓடினான், ஏறும்போதும் கூடவே ஏறினான். கண்ணை எடுக்கவேயில்லை. நான் விழுந்தால் தாங்கிப் பிடிக்கத்தான் வருகிறான் என்று மித்ஹத் நெகிழ்ந்தான்.

உச்சியில் மோர்ட்டார் குழி தயாராக இருந்தது. ரைஃபிள்காரர்கள் ஒவ்வொருவராகக் கடந்துபோகையில் குண்டை ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள். ஒன்றும் குறையவில்லை. பயிற்சியில் எல்லாம் வெடித்து முடிந்ததும் அபூ ஷிஹாப் லீவைக் கொடுத்தார். ஆனால் அவன் கழுத்தில் தொங்கிய பூட்ஸைப் பார்த்து என்னவோ கேட்க வந்தவர், கேட்காமலே போய்விட்டார்.

சாமான்களை உரியவர்களிடம் கொடுத்து முடித்தபின் மித்ஹத் ஃபவ்வாஸின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாரும் சுமையை என் தலையில கட்டினாங்க. நீ மட்டும்தான் ஒண்ணுமே கேக்காம குண்டைத் தூக்கிட்டு வந்த. உன்னை மறக்க மாட்டேன்பா."

ஃபவ்வாஸ் கையை விடுவித்து, பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"ஆளுக்கொரு குண்டு தூக்கறது இந்தக் கம்பெனில எப்பவுமே உள்ள உத்தரவுதானே. நீ எல்லார் சாமானையும் வாங்கிச் சேர்க்கிறதைப் பார்த்துட்டு, சுருட்டிட்டு ஓடப்போறியோன்னுதான் பின்னாலேயே வந்தேன்."