பதிவுக்குச் சம்பந்தமில்லாத தண்ணீர்

குடிநீர் அலுவலகத் தலைமைப் பொறியாளர் பொதுமக்கள் நலன் கருதி ஒரு வலைப்பூ தொடங்கினார். ஒரு வாரமாக ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் சுற்றறிக்கை வந்தது: ஊழியர் அனைவரும் விவாதத்தில் தாமாக முன்வந்து பங்கேற்க வேண்டும், தவறினால் விளக்கம் கேட்கப்படும்.

தபால் பிரிவு எழுத்தருக்கு விவாதம் என்றாலே உதறல். பதினெட்டு வருஷமாக மனைவியிடம் ஒரு வாதத்திலும் ஜெயித்தவரில்லை. 'அருமை' என்று கருத்துப் போட்டார். சொற்கள் போதவில்லை என்று திரும்பி வந்தது. பிறகு இரண்டு நாள் பயிற்சி வகுப்பு. எதிர்க்கருத்து இல்லாமல் விவாதம் களைகட்டாது என்று பயிற்சியாளர் சொல்லப்போக, எதிர்ப்பதற்கு இவரையே நியமித்தார்கள். எதிர்ப்பின் வரைவை மூன்று நாள் முன்னதாகச் சமர்ப்பிக்க வேண்டும். மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினார்: "தங்கள் பதிவு இவ்வளவு சுருக்கமாக இருப்பதை வன்மையாகக் கண்டிக்கிறேன்."

பொறியாளர் பூரித்துப்போய் "நன்றி" என்று பதில் போட்டதோடு, வரும் கருத்துகளைச் சலிக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்.

முதல் நாளே வெளியிலிருந்து ஒன்று வந்தது: 'எங்கள் தெருக் குழாயில் நாலு நாளாகக் காற்றுதான் வருகிறது.' எழுதியது எழுத்தரின் மனைவி. அன்றைய பதிவு 'நதிகளும் நாகரிகமும்'. பதிவுக்குச் சம்பந்தமில்லை என்று குறிப்பெழுதி நீக்கினார்.

மாலையில் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி கேட்டாள். "நான் எழுதினதை எடுத்தது யாரு?"

"விதிப்படி எடுத்தாச்சு. பாராட்டி ஆரம்பிச்சிருந்தா நின்னிருக்கும்."

"அப்படியா," என்றாள்.

மறுநாள் அவள் தெருவையே கூட்டி உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். 'அருமையான பதிவு ஐயா. நதிகளைப் படித்ததும் எங்கள் காய்ந்த குழாய் நினைவுக்கு வந்தது.' இந்த ரீதியில் நாற்பது கருத்துகள். எதையும் நீக்க விதியில் இடமில்லை. பொறியாளர் ஒவ்வொன்றிலும் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, தனித்தனியே "நன்றி" சொன்னார். தெருக்கோடித் தையல்காரருக்கு மட்டும் "மிக்க நன்றி".

அன்றே தெரு இரண்டுபட்டது. தையல்காரருக்கு அப்படி என்ன தனி மரியாதை என்று ஆளாளுக்குப் பொருமினார்கள். அடுத்த பதிவுக்கு நீளநீளமாகப் புகழ்ந்தார்கள். புகழ இடம் போதாமல் குழாயைப் பற்றிய வரியை வெட்டினார்கள்.

அத்தெருவில் புகார் ஏதுமில்லை என்று பொறியாளர் கோப்பை முடித்தார். எழுத்தர் அதைச் சொல்லத் தயங்கித் தயங்கி வீடு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஏங்க, எனக்கு 'மிக்க' வந்துடுச்சு."