பீரோவுக்குள் முப்பத்தொரு பேர்

செம்பாக்கம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

அன்பு மிகுந்த ஹில்டா அக்காவுக்கு, தம்பி வில்பிரட் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் மூட்டுவலிக்காக ஜெபித்து வருகிறேன்.

உன் மகள் ஜெரூஷாவுக்கு லெக்சரர் வேலை கேட்டிருந்தாயே, நான் இப்போது வேலை பார்க்கும் கல்லூரியிலேயே ஓர் இடம் காலி. ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு உடனே அனுப்பி வை. தாம்பரம் ஸ்டேஷனில் முப்பத்தாறு வருஷம் டிக்கெட் கொடுத்து ரிட்டையரான என்னை இங்கே எதற்கு வைத்திருக்கிறார்கள் தெரியுமா? லெக்சரர்கள் ஏன் நிற்காமல் ஓடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க. கேட்டேன், எல்லோரும் சம்பளம் என்றார்கள். தாளாளர் ஷ்யாம்சுந்தரிடம் சொன்னேன். "அதை விட்டுட்டு வேற காரணம் கண்டுபிடிங்க சார்" என்றார். மறுபடி கேட்டேன், மறுபடியும் சம்பளம். எனக்குத் தலை சுற்றிவிட்டது. சரி, சலுகை கொடுப்போம் என்று பிறந்தநாளுக்குக் கேக் வாங்கினோம். அந்தக் காசை அவரவர் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். ஜோசலின் மிஸ் கேக்கை வெட்டி எனக்கொரு துண்டு கொடுத்து, அதே தட்டில் ராஜினாமாவையும் வைத்துவிட்டார். காலேஜ் பஸ் டிரைவர் சவுரிமுத்துவுக்கு பி.எஃப். உண்டு, பிசிக்ஸ் ஆஸ்டினுக்குக் கிடையாது. ஆஸ்டின் இப்போது ஹெவி லைசென்ஸ் எடுக்கிறாராம்.

இதற்கு நடுவில் நேற்று காமர்ஸ் சபீஹா வந்து நின்றாள். "சார், மேடவாக்கம் காலேஜ்ல திங்கக்கிழமை ஒரிஜினலோட வரச் சொல்லிட்டாங்க. அங்க பிரசவ லீவுக்கும் சம்பளம் உண்டு. எனக்கு இது அஞ்சாவது மாசம் சார்." லெக்சரர்கள் முப்பத்தொரு பேரின் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளும் இங்கே பீரோவில் இருக்கின்றன, சாவி என்னிடம். கரையானுக்குப் பயந்துதான் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தாளாளரைக் கேட்டால், "குடுத்தா போயிடுவாங்க, குடுக்கலைன்னா இருப்பாங்க. அவ்ளோதான் சார்" என்கிறார். ரயில்வேயில் என் சர்டிபிகேட்டை யாரும் பூட்டவில்லை, நானும் எங்கும் ஓடவில்லை. எனக்கு ஒன்றுமே புரியவில்லை, அக்கா. அந்தப் பெண் முகத்தைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. மற்றபடி நல்ல கல்லூரி, காற்றோட்டமான கட்டிடம்.

பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்கள் வீட்டு வாசலைக் காப்பாராக.

உன் தம்பி,
வில்பிரட்

பி.கு.: இது திங்கட்கிழமை எழுதுவது. காலையில் பீரோவைத் திறந்து சபீஹாவின் சர்டிபிகேட்டுகளைக் கொடுத்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மிச்ச முப்பது பேரும் வரிசையில் நிற்கிறார்கள். வரிசையில் நிற்பவரை வெறுங்கையோடு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. காலியிடம் ஒன்று என்று மேலே எழுதியிருக்கிறேன். இப்போது எத்தனை என்று தாளாளர் இன்னும் எண்ணி முடிக்கவில்லை, என் நாற்காலி மட்டும் நிச்சயம் காலி. ஜெரூஷாவை அனுப்பாதே. அவள் ஒரிஜினல்கள் உன் பீரோவிலேயே இருக்கட்டும், சாவியை அவளிடம் கொடுத்துவிடு.