ஊதினால் தெரியும்

எங்கள் தெருவில் திடீரென்று ஒரு வைத்தியர் முளைத்தார். ஸ்கேன் வேண்டாம், ஊசி வேண்டாம், கத்தி வேண்டவே வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளர், அதில் பாதி சிவப்புத் தண்ணீர், ஒரு ஸ்ட்ரா. வந்தவர் ஸ்ட்ராவில் ஊத வேண்டும். தண்ணீர் மஞ்சளானால் உடம்பில் புற்று. வாசல் பலகையில் "ஊதினால் தெரியும்" என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே, "செருப்பை வெளியே விடவும்". மூளையையும் வெளியே விடவும் என்று எழுதவில்லை. எழுதாமலே விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

கூட்டமென்றால் கூட்டம். காலை ஆறு மணிக்கே வரிசை என் மளிகைக் கடை வாசல்வரை வந்துவிடும். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமெல்லாம் அந்த வரிசையில் கிடையாது. வெயிலில் நின்றவர்களுக்குத் தாகமெடுக்கும். நான் சோடா விற்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னேனா என்றால், இல்லை. என்னை யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள்.

வைத்தியரின் தத்துவம் தெருவுக்கே மனப்பாடம்.

"மார்புல இருக்கிறது கட்டி இல்லம்மா, பசி பிடிச்ச பூதம். சர்க்கரைதான் அதுக்குத் தீனி. தின்னுட்டுப் புளிப்பைக் கக்கும். அந்தப் புளிப்பு மூச்சுல வந்துதான் தண்ணி மஞ்சளாகுது. சோறு, பழம், பால் எல்லாத்தையும் நிறுத்து. பூதம் பட்டினியில சாகும்."

மூன்று வேளையும் கீரைச்சாறு. இருபத்தோராம் நாள் மறுபடி ஊத வேண்டும். அதற்குமுன் டம்ளரில் 'காப்புப் பொடி' என்று ஒரு கரண்டி வெள்ளைப் பொடியைப் போடுவார். எவ்வளவு ஊதினாலும் சிவப்பு சிவப்பாகவே நிற்கும். பூதம் செத்தது, போய் வா. ஒரே ஒரு நிபந்தனை: கட்டியைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. தொட்டால் பூதம் விழித்துக்கொள்ளுமாம். செத்தது எப்படி விழிக்கும் என்று கேட்க அந்த வரிசையில் ஒரு ஆள் இல்லை.

என் கடைக்கு அடுத்த கடை தையற்காரம்மாவுடையது. தெருவில் பாதிப் பேர் அவர் தைத்த துணியைத்தான் போட்டிருக்கிறோம். அவருக்கு மார்பில் கட்டி. ஆஸ்பத்திரியில் சதையெடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான், ஆரம்பம்தான், சீக்கிரம் எடுத்துவிட்டால் நல்லது என்று சொல்லி, நாலு வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். நடுவில் இந்த வரிசையில் போய் நின்றார். இருபத்தோரு நாள் கீரைச்சாறு. தையல் மிஷின் மிதிக்கக்கூடக் காலில் தெம்பில்லை. திங்கட்கிழமை ஊதினார். சிவப்பு அசையவில்லை.

"அண்ணே, எனக்குக் குணமாயிடுச்சு. ஆபரேஷன் வேணாம்னு சொல்லிடப்போறேன்" என்றார் என்னிடம். முகத்தில் அத்தனை சந்தோஷம். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை, பாருங்கள்.

சொன்னவள் அவருடைய தங்கை. செவ்வாய்க்கிழமை பஸ்ஸைவிட்டு இறங்கி நேராகத் தையல் கடைக்கு வந்தாள். அவள் வேலை செய்வது ஓர் ஆய்வுக்கூடத்தில். மார்புப் புற்றுநோய்ச் செல்களைக் குப்பியில் போட்டு, வேளாவேளைக்குத் தீனி மாற்றி வளர்ப்பதுதான் வேலை. "செல்லுக்குச் சோறு போடுறவ" என்று தெருவில் அவளுக்குப் பெயர்.

"அக்கா, நீ சொல்ற பட்டினிய நாங்களும் போட்டுப் பாத்துட்டோம்" என்றாள். "அதுங்களுக்குச் சர்க்கரைன்னா உயிர்தான், இல்லேங்கல. ஆனா சர்க்கரையில்லாத தீனி வெச்சா, கொஞ்ச நாள் சுணங்குதுங்க. அப்புறம் பல செல்லுங்க புரதத்துலேருந்து வர்றத எடுத்துக்குது, கொழுப்ப எடுத்துக்குது. ஒரு வழி அடைபட்டா இன்னொரு வழியத் திறந்துவிடுற ஏற்பாடு உள்ளேயே இருக்கு."

"ஒரு நூல்கண்டு தீந்தா நான் வேற கண்டு மாட்டுற மாதிரியா?"

"அதேதான். நீ சாப்பிடாம கிடந்தாலும் உன் கல்லீரல் சர்க்கரை செஞ்சு ரத்தத்துல விட்டுக்கிட்டேதான் இருக்கும். பட்டினி உனக்குத்தான்க்கா, அதுக்கு இல்ல."

தையற்காரம்மா கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு கேட்டார்: "அப்ப தண்ணி ஏன்டி சிவப்பாவே நின்னுச்சு?"

நியாயமான கேள்வி. "எந்தச் சிவப்பு?" என்றாள் தங்கை. அக்கா தையல் பெட்டியைக் குடைந்து அதே நிறத்தில் ஒரு துண்டுத் துணியை எடுத்துக் காட்டினார். நிறத்தில் தையற்காரர் கண் தவறுமா? தங்கை அந்தத் துணியையே பார்த்தாள்.

"இது எங்க ஆய்வுக்கூடத்துத் தீனியோட நிறம்க்கா. அதுல ஒரு சாயம் கலப்போம். புளிப்பு ஏறினா மஞ்சளாகும். லீவு முடிஞ்சு திங்கக்கிழமை போனா எங்க குப்பியெல்லாம் மஞ்சளாத்தான் இருக்கும். ஆனா, வெறும் தண்ணியில அந்தச் சாயத்தப் போட்டு ஊதினா யாரு மூச்சுக்கும் மஞ்சளாகும். மூச்சுக்காத்தே தண்ணியில புளிப்புதான்." கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அந்த வெள்ளைப் பொடி என்னன்னு தெரியுமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வைத்தியர் வாராவாரம் என் கடையில் சோடா உப்பு வாங்குகிறார், கிலோக் கணக்கில். பாவம், மனுஷருக்கு வயிற்றுப் பொருமல் போலிருக்கிறது என்று நான் பரிதாபப்பட்டிருந்தேன். "அந்த உப்பு புளிப்ப அடக்கிடும்ண்ணே, அதான் தண்ணி மஞ்சளாகல" என்றாள்.

புதன்கிழமை காலை மூன்று பேரும் வைத்தியரிடம் போனோம். என் கையில் ஒரு சோடா பாட்டில். அறையில் நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, வெளியே ஒருத்தர் இருக்காரு, ஊத முடியாது. அவரோட மூச்சப் பாட்டில்ல பிடிச்சுக் கொண்டாந்திருக்கோம். ஊத்திப் பாக்கலாமா?"

வைத்தியருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "தாராளமா. மூச்சு எதுல வந்தா என்ன?"

ஊற்றினாள். கண் இமைப்பதற்குள் மஞ்சள். வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார். "முத்திப்போச்சு. மூணு மாசம் தாங்கினா அதிசயம்."

"அது சோடாங்க" என்றேன் நான். "என் கடையில எடுத்தது."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வைத்தியர் சளைத்தவரா? "சோடாவுல சர்க்கரை இருக்கு. அதான் பூதத்தக் காட்டுது."

"இது வெறும் சோடாங்க, சர்க்கரையே கிடையாது. மூச்சுல வர்ற அதே காத்ததான் அடைச்சிருக்கு" என்றேன். என் சரக்கைக் குறை சொன்னால் எனக்கும் ரோஷம் வரும். தங்கை காப்புப் பொடியை இரண்டு கரண்டி அள்ளி அதே டம்ளரில் போட்டாள். நுரை பொங்கி அடங்கியது. தண்ணீர் மெல்லச் சிவந்தது.

"சோடாவுக்குக் குணமாயிடுச்சு" என்றாள்.

நாற்பது பேரும் டம்ளரையே பார்த்தார்கள். வைத்தியர் எழுந்து, "நம்பிக்கை இல்லாதவங்களால இடமே தீட்டாயிடுச்சு, எல்லாரும் நாளைக்கு வாங்க" என்றார். அப்போது தையற்காரம்மா புதிதாக ஒரு டம்ளரில் சிவப்புத் தண்ணீரை ஊற்றி, அவர் முன்னால் வைத்தார்.

"நீங்க ஊதுங்க ஐயா. பொடி போடாம."

வைத்தியர் முகத்தில் ஈயாடவில்லை. நாற்பது பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். வேறு வழியின்றி ஸ்ட்ராவை வாயில் வைத்து, ஊதியும் ஊதாமலும் பார்த்தார். எவ்வளவு நேரந்தான் மூச்சை அடக்க முடியும்? நாலாவது மூச்சில் மஞ்சள்.

தையற்காரம்மா முந்தானைக்குள் கையைவிட்டு, இருபத்தோரு நாளாகத் தொடாத இடத்தைத் தொட்டுப் பார்த்தார். கால் அங்குல வித்தியாசத்தை விரலால் சொல்கிற கை அது.

"அளவெடுத்துட்டேன்டி" என்றார் தங்கையிடம். "உடம்பெல்லாம் ரெண்டு இன்ச் இளைச்சிருக்கு. இது மட்டும் இளைக்கல. நாளைக்கு எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?"

"ஏழு மணிக்கு அட்மிஷன். இப்பவே போன் பண்றேன். இருபத்தோரு நாள் சாப்பிடாம இருந்தத மறைக்காம சொல்லிடலாம். தேதியத் தள்ளி வெக்கிறதா வேணாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்."

டாக்டர்கள் திட்டிவிட்டு, அவரைப் பத்து நாள் நன்றாகச் சாப்பிட வைத்து, பிறகு எடுத்தார்கள். நல்லவேளை, அது பரவியிருக்கவில்லை. சிகிச்சை இன்னும் நடக்கிறது. மிஷின் சத்தம் மறுபடி கேட்கிறது.

வைத்தியர் அன்றைக்கே பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டார். சரி, தெருவுக்குப் புத்தி வந்ததா? மறுநாள் காலை என் கடையில் ஐந்து பேர். "அந்தச் சோடாவக் குணமாக்கின பொடி இருக்குதாமே, அரைக் கிலோ குடுங்க."

கொடுக்கவில்லை. ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினேன். நானே லேட்டாகத்தான் கற்றுக்கொண்டேன்: ஊதச் சொன்னதும் திறந்தீர்களே, கேள்வி கேட்பதற்கும் அதே வாய்தான் ஐயா.