தகவல் போதை ஒழிப்புக் குழுவின் முதல் வெற்றி

உலகம் கண்ட அறிவுப் புரட்சிகளில் ஆகப் பெரியது, தாம்பரத்தில் எங்கள் கல்லூரியின் இரண்டாமாண்டு வணிகவியல் வகுப்பில் நடந்துகொண்டிருக்கிறது. மொத்தம் அறுபத்திரண்டு பேர். ஐஸ்லாந்தில் எரிமலை குமுறினால் மூன்றாவது நிமிடம் அவர்களுக்குத் தெரியும். கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியாது.

இந்த மகத்தான நிலைக்குத் 'தகவல் போதை' என்று பெயர் சூட்டிய நிர்வாகம், அதைத் தூண்டும் காரணியைக் கண்டறிய ஒரு குழு அமைத்தது. அமைப்பாளர் அடியேன், வகுப்பாசிரியர் ஜீவரத்தினம். துணை அமைப்பாளர் எழில் சார். குழுவின் முதல் சாதனையாக வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினோம். 'போனைக் குறைப்பீர்' என்று காலை ஐந்தரைக்கே ஆரம்பித்து, நாளுக்கு நாற்பது செய்தி போடுவேன். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் 'நோட்டட் சார்' என்று பதில் போடவேண்டும். போடாதவர் பெயரை எழில் சார் குறித்துக்கொள்வார்.

பிறகு விழிப்புணர்வுக் கூட்டம். ஒரு வாரம் போனைத் தொடாதீர்கள் என்று உருகிப் பேசினேன். எல்லோரும் அதை வீடியோ எடுத்தார்கள். முடிச்சூரிலிருந்து வரும் கெசியா மட்டும், பாவம், காதில் வாங்கிவிட்டாள். போனை அணைத்துப் பீரோவில் பூட்டிவிட்டாள்.

வியாழன் மதியம் நடக்கவேண்டிய உள்மதிப்பீட்டுத் தேர்வைக் காலை எட்டரைக்கு மாற்றி, அன்று ஏழு மணிக்குக் குரூப்பில் அறிவித்தேன். அறுபத்தொரு 'நோட்டட் சார்' வந்தன. கெசியா மதியம்தான் வந்தாள், பேனாவும் ஸ்கேலுமாக. அந்தத் தேர்வு எழுதாதவர் செமஸ்டர் எழுத முடியாது.

குழு அவசரமாகக் கூடியது. எழில் சார் விதிமுறையைப் போனில் தேடி, எப்படியோ வஞ்சிரம் வறுக்கும் வீடியோவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். நான் குழுவின் அறிக்கையைப் போனில் தட்டிக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் சார் ஆஃப் பண்ணி வச்சேன்" என்றாள் கெசியா.

"ஆஃப் பண்ணப் போறேன்னு குரூப்ல போட்டிருக்கணும்மா" என்றார் எழில் சார்.

எனக்கு மனசு இளகியது. "சரிம்மா, மறுதேர்வு உண்டு. தேதியைக் குரூப்ல போடறேன், பாத்துக்கோ."

"வாயாலயே சொல்லிடுங்களேன் சார். எதிர்லதானே நிக்கிறேன்."

தலையை நிமிர்த்தினேன். உண்மைதான், நின்றுகொண்டிருந்தாள். அரைமணி நேரமாகவாம். புதன்கிழமை பத்து மணி என்று வாயால் சொன்னேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

அறிக்கையில் 'போதையைத் தூண்டும் முதன்மைக் காரணி' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. என் பெயரை எழுதினேன், பதவியோடு. குரூப்பில் போட்டேன்.

அறுபத்தொரு பேர் 'நோட்டட் சார்' என்றார்கள்.