பெரிய வியாழனன்று கழற்றிய காலுறை

பல்லாரட்,
ஈஸ்டருக்கு அடுத்த வாரம்

அன்புள்ள மகன் ப்ரெண்டனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகள் ஹெலனும் கடவுள் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஈஸ்டருக்கு உன்னிடமிருந்து வாழ்த்து அட்டை வரவில்லை. முதியோர் இல்லத்தின் வண்ணப் புத்தகம் வந்தது. எனக்கு ஓர் அறையும் பிடித்துவைத்திருக்கிறாயாம். தயவுசெய்து ரத்து செய். நான் எங்கும் விழவில்லை.

பெரிய வியாழன் பூசையில் ஃபாதர் பாதம் கழுவிவிடும் பன்னிருவரில் ஒருத்தியாக என்னை உட்காரவைத்தார்கள். வலது காலுறையைக் கழற்றினேன். முழங்காலுக்குக் கீழே ஊதா நிறக் கன்றல்கள், ஒவ்வொரு முடியின் அடியிலும் ஒரு சிவப்புப் புள்ளி. ஃபாதர் குவாங் கூஜாவோடு அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கயாவது விழுந்தீங்களா, மிஸஸ் கொஸ்டெல்லோ?"

"முதல்ல கழுவுங்க ஃபாதர், விசாரணையை அப்புறம் வெச்சுக்கலாம்" என்றேன்.

அதற்குள் பக்கத்து வீட்டு நோலா, "பாவம் வின்னி, படிக்கட்டுல உருண்டிருக்கா" என்று பாடகர் குழுவுக்கே கேட்கும்படி முணுமுணுத்தாள். நம் வீட்டில் படிக்கட்டே கிடையாது. ஆனாலும் அவள் உனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள், நீயும் நம்பிவிட்டாய், நானோ அவள் காரிலேயே டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. டாக்டர் சின்னப் பெண். காலைப் பார்த்தாள், ஈறைப் பார்த்தாள்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"டீயும் டோஸ்ட்டும்."

"முந்தாநாள்?"

"டீயும் டோஸ்ட்டும். தவக்காலம், டாக்டர்."

"தவக்காலம் நாப்பது நாள்தானே? இந்தக் கால்ல இருக்கறது அதைவிடப் பழசாத் தெரியுதே. வைட்டமின் சி சுத்தமா இல்ல. அந்தக் காலத்துல கப்பல்காரங்களுக்கு வந்த நோய் இது."

"நான் கப்பல்ல ஏறினதே இல்ல" என்றேன்.

ஆக, இது விழுந்த காயம் அல்ல, வெறும் வைட்டமின் குறைவு. மாத்திரை தந்திருக்கிறாள்; கன்றல்கள் மஞ்சளாகி மறைகின்றன. தினமும் மேசை விரித்து, கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தபடி கத்தியும் முள்கரண்டியுமாக ஆரஞ்சு சாப்பிடுகிறேன். எனக்கு யாருடைய துணையும் தேவையில்லை.

தேவமாதா உங்கள் இருவரையும் தன் நிழலில் வைத்துக் காக்கட்டும்.

உன் தாய்,
வினிஃப்ரெட் கொஸ்டெல்லோ

பின்குறிப்பு: மாத்திரையை மட்டும்தான் விழுங்குகிறேன். ஆரஞ்சுகள் கூடையில் அப்படியே இருக்கின்றன. அப்பா போனபிறகு, எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எதுவும் தொண்டையில் இறங்குவதில்லை. டீ என்றால் நின்றபடியே குடித்துவிடலாம். அறையை இந்த வாரம் ரத்து செய்யாதே. அங்கே எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்களா என்று மட்டும் கேட்டுச் சொல். தட்டை அறையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றால், மேலே ரத்து செய் என்று எழுதியது எழுதியபடியே நிற்கட்டும்.