ரோந்து வண்டியின் கம்பீரம்

நகரத்தில் கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிப்பதற்காக வேகக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஒரு பந்தய ரக மோட்டார் சைக்கிளை வாங்கியது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய ஜீப்பை வைத்துக்கொண்டு அவர்கள் அதுவரை பிடித்தது நின்றுகொண்டிருந்த வண்டிகளை மட்டும்தான்.

புது வண்டியை ஓட்டும் பொறுப்பு ரோந்துக்காரர் நெட்டைக்கு வந்தது. ஆள் நல்ல உயரம் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். வண்டியோ குனிந்து, டேங்கைக் கட்டிப்பிடித்தபடி ஓட்ட வேண்டிய வண்டி. அதில் உட்கார்ந்தால் அவர் மடக்கி வைத்த நாற்காலி மாதிரி இருப்பார். இருந்தாலும் சிவப்பு வண்டி, பளபளக்கிற ஹெல்மெட். முதல் நாள் கிளம்பும்போது மனைவியே வாசல்வரை வந்து பார்த்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலக இயக்குநர் வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். முகத்தில் திருப்தி இல்லை.

"எல்லாம் சரிய்யா. சத்தம் எங்க? பூனை மாதிரில்ல வருது?"

அந்தச் சமயத்தில் ஊரெங்கும் தடித்த சைலன்சர் மோகம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. முடி வெட்டுகிறவரிலிருந்து கல்லூரிப் பேராசிரியர் வரை எல்லோரும் வண்டியோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, பீரங்கி மாதிரி ஒரு குழாயை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாட்டாதவர்களை வீட்டில் ஏதோ கஷ்டம் போலிருக்கிறது என்று ஊர் பரிதாபமாகப் பார்த்தது. இயக்குநரின் மச்சான் இந்தக் குழாய்களை விற்கும் கடை வைத்திருந்தது முற்றிலும் தற்செயலானது.

குழாய் வந்தது. காற்று தாராளமாக உள்ளே போகட்டும் என்று ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து விட்டார்கள். நெட்டை வண்டியைக் கிளப்பினார். ஜன்னல்கள் நடுங்கின. தபால் பிரிவில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

"இதுதான்யா அரசாங்கத்தோட குரல்!" என்றார் இயக்குநர், கண்ணை மூடியபடி.

மறுநாள் ஒரு கார் சிவப்பு விளக்கை மதிக்காமல் பறந்தது. நெட்டை ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார். சத்தம் வந்தது, வண்டி வரவில்லை. தொண்டை கட்டியவர் பேச முயல்வது போல் திக்கியது, விக்கியது, ஒரு முழம் நகர்ந்து யோசித்தது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண், "எனக்காக நிக்க வேணாம், நீங்க போங்க" என்று பெருந்தன்மையாக வழிவிட்டாள். என்ஜின் சுற்று கூடி மீட்டர் முள் பாதியைத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி வண்டி பாய்ந்தது. அதற்குள் கார்க்காரர் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூட மாற்றியிருப்பார்.

"சார், மேல் சுத்துல பறக்குது. கீழ் சுத்துல இழுவையே இல்ல," என்று நெட்டை இயக்குநரிடம் முறையிட்டார்.

"சத்தம் நல்லா வருதா?"

"அது வருது சார்."

"அப்ப சக்தி இருக்குன்னுதானே அர்த்தம்?"

இருந்தாலும் இயக்குநர் நியாயமானவர். 'ரோந்து ஊர்தியின் தொடக்கநிலை இழுவையின்மை குறித்த உயர்மட்ட ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. குழு பிளக்கை மாற்றியது. கிளட்சை மாற்றியது. செயின், பேட்டரி, பெட்ரோல் எல்லாவற்றையும் மாற்றியது. வண்டி அதே இடத்தில் அதே மாதிரி விக்கியது.

"அந்தக் குழாயை ஒரு தடவை கழட்டிப் பாக்கலாமா?" என்றார் நெட்டை.

"அது புதுசுய்யா. புதுசுல எப்படிக் கோளாறு இருக்கும்?" என்றார் குழுத் தலைவர்.

இனி மாற்றாமல் மிச்சமிருப்பது எது என்று குழு ஆழ்ந்து சிந்தித்தது. பிறகு எல்லோருமாக நெட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், முழங்காலில் தட்டினார்.

"எதையாவது ஆரம்பிக்கிறப்போ மந்தமா இருக்குமா?"

"காலைல எந்திரிச்ச உடனே கொஞ்சம் இருக்கும் டாக்டர்."

"அப்புறம்?"

"அப்புறம் சரியாயிடும்."

டாக்டர், கூட வந்திருந்த குழுத் தலைவரைப் பார்த்து அர்த்தத்தோடு தலையசைத்தார். கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. மாத முடிவுக்குள் ஓட்டுநரின் தொடக்க மந்தம் நீங்காவிட்டால் அவர் தபால் பிரிவுக்கு மாற்றப்படுவார் என்று உத்தரவு வந்தது. நெட்டைக்குச் சோறு இறங்கவில்லை. பத்து வருஷம் ஜீப்பில் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவருக்கு இப்போதுதான் ஒரு வண்டி கிடைத்திருக்கிறது.

மனைவி ஆறுதல் சொன்னாள்: "இதுக்கு எதுக்குங்க டாக்டர்? என்கிட்ட கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே."

இதற்கிடையில் அலுவலகம் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விதியை மீறி விரைந்து செல்வோர், ரோந்து ஊர்தி உரிய வேகத்தை எட்டும்வரை மெதுவாகச் சென்று ஒத்துழைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். மக்கள் நல்லவர்கள், பலர் ஒத்துழைத்தார்கள். ஒருநாள் ஓர் இளைஞன் வண்டியை ஓரங்கட்டிக் காத்திருந்து, நெட்டை விக்கி விக்கி வந்து சேர்ந்ததும், "அண்ணே, எனக்குக் கொஞ்சம் அவசரம். இப்பவே பிடிச்சிடுறீங்களா, இல்ல போயிட்டு வந்துடவா?" என்று பணிவாகக் கேட்டான்.

நெட்டைக்கு மானம் போயிற்று. நேராக மெக்கானிக்கிடம் போனார். ஊரில் பாதிக் குழாய்களை மாட்டியவர் அவர்தான். அந்தக் காசில் வீட்டுக்கு மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்.

"குழாய் பெருசாச்சு, காத்து கூடிப்போச்சு, அதுக்கு ஏத்த பெட்ரோல் போகல. கீழ் சுத்துல திக்கத்தான் செய்யும்," என்றார் மெக்கானிக், கொட்டாவி விட்டபடி. "பழசை மாட்டுனா இழுக்கும்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம எப்படி மாட்டுவேன்?"

"அப்ப ஊர்ல இருக்கிற மத்தவங்க வண்டியெல்லாம்?"

"எல்லாம் இப்படித்தான் திக்குது. எவன் வெளிய சொல்லுவான்?"

நெட்டை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கிடங்கில் கிடந்த பழைய சைலன்சரைத் தூசி தட்டி மாட்டினார், ஏர் ஃபில்டர் பெட்டியை மூடினார். வண்டி வெண்ணெயில் இறங்கிய கத்தி மாதிரி கிளம்பியது. அன்று மதியத்துக்குள் டாக்டரைப் பிடித்தார். குழுத் தலைவரைப் பிடித்தார். இயக்குநரின் மச்சானை ஒரே தெருவில் போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் பிடித்தார். அந்த வாரம் சாலையில் வண்டிகள் கல்யாண ஊர்வலம் மாதிரி மெல்லப் போயின.

பாராட்டு வரும் என்று காத்திருந்தவரை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒரு பெரிய மனு.

"சத்தமில்லாம வந்து பிடிக்கிறது திருட்டுத்தனம்னு ஜனங்க எழுதியிருக்காங்கய்யா. அரசாங்க வண்டிக்கு ஒரு கம்பீரம் வேணும், பழைய சத்தம் திரும்ப வரணும்னு கேக்குறாங்க. இந்தா, கையெழுத்தைப் பாரு, ஊரே போட்டிருக்கு."

நெட்டை புரட்டினார். டாக்டர் போட்டிருந்தார். தள்ளுவண்டிப் பெண் போட்டிருந்தாள். நாலாவது பக்கத்தில், தெளிவான உருண்டை எழுத்தில், அவர் மனைவி.

வீட்டுக்கு வந்து, "நீயுமா?" என்றார்.

"பின்ன என்னங்க? முன்னெல்லாம் ரெண்டு தெரு தள்ளி வர்றப்பவே தெரியும். போனை வெச்சிட்டு எழுந்து ஏதாவது வேலை பாக்குற மாதிரி நிப்பேன். இப்ப திடீர்னு வந்து முன்னால நிக்கிறீங்க." குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்து வீட்டுக்காரி வேற, 'உங்க வீட்டுக்காரர் சத்தமே காணோமே, வேலை போயிடுச்சா'ன்னு கேக்குறா."

அன்றிரவு நெட்டை புரண்டு புரண்டு படுத்தார். யாரிடமும் சொல்லாத ஒன்று அவருக்குள்ளும் இருந்தது. இந்த ஒரு வாரமாக அவர் தெருவில் போகும்போது ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் இயக்குநர் முன் போய் நின்றார்.

"என்னய்யா, ஆட்சேபம் ஏதாவது இருக்கா?"

"மனுல கடைசிப் பக்கத்துல கொஞ்சம் இடம் இருந்துச்சே சார்," என்றார் நெட்டை. "பேனா இருக்குமா?"

தடித்த குழாய் மறுபடி ஏறியது. அன்று கடைத்தெருவில் வண்டி முழங்கியபோது, துணிக்கடைக்காரர் வாசலுக்கு ஓடி வந்தார், மாடியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நெட்டையைத் தாண்டி ஒரு லாரி சீறிக்கொண்டு போய் வளைவில் மறைந்தது. அவர் வண்டி விக்கிக்கொண்டே நின்ற இடத்தில் நின்றது. அவருக்கும் அவசரமில்லை. எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டார்.