சிப்ஸ் கோபுரமும் கறிவேப்பிலைத் தொட்டியும்

"அந்த ஆறு அடுப்பு பார்பிக்யூ நம்ம வீட்டுக்குத்தான் வருது. எழுதி வெச்சுக்கோங்க!"

சாப்பாட்டு மேசையில் அப்பா இப்படி முழங்கியபோது அம்மா ரசம் ஊற்றுவதைக்கூட நிறுத்தவில்லை.

மெல்பர்னின் கிளேட்டனில் ஒரு ஹாலில் தமிழ்க் குடும்பங்கள் நன்கொடைக்காக நடத்தும் போக்கர் சீட்டாட்டப் போட்டி. முதல் பரிசு, சின்னக் கப்பல் சைஸில் ஒரு பார்பிக்யூ. இரண்டாவது, கோல்ஃப் மட்டைகள். மூன்றாவது, கோயம்புத்தூரிலிருந்து கடல் கடந்து வந்த வெட் கிரைண்டர். அம்மா வருஷக்கணக்காகக் கேட்டு, அப்பா "மிக்ஸி இருக்கே" என்று மறுத்துவரும் அதே கிரைண்டர்.

"ஏங்க, நாம சைவம்."

"அதனால?"

"அதுல என்னத்தைச் சுடுவீங்க?"

"கத்தரிக்காய். பனீர். ஏன், அப்பளம்!"

"ஆறு அடுப்புல அப்பளமா?"

"கல்யாணி, இது ஆஸ்திரேலியா! பார்பிக்யூ இல்லாதவனுக்குச் சிட்டிசன்ஷிப் குடுத்ததே தப்பும்பான்."

"எங்க வைப்பீங்க?"

"பின்னாடி கூரைக்கு அடியில. உன் கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கி வெளிய வெச்சிடலாம்."

அப்போதுதான் கரண்டி நின்றது.

மெல்பர்ன் குளிரில் கறிவேப்பிலை வளர்ப்பது பிள்ளை வளர்ப்பது மாதிரி. இல்லை, பெத்த பொண்ணு எனக்குக்கூட அவ்வளவு நடந்ததில்லை. ராத்திரியானால் அதற்குப் போர்வை உண்டு. ஒரே ஒரு உறைபனி விழுந்தால் போதும், செடி காலி.

"மூணாவது வந்தா கிரைண்டர்தானே?" என்றார் அம்மா மெதுவாக.

"மூணாவது வர்றதுக்கா ஆறு மாசமா வீடியோ பார்க்கிறேன்?" அப்பாவின் மீசை துடித்தது. "அவமானப்படுத்தாதே!"

போட்டியன்று அப்பா ஹாலுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். கதவில் ஒருமுறை முட்டிக்கொண்டார். ஆனால் சீட்டு அவருக்குச் சொன்னபடி கேட்டது. பத்துப் பேர் மிஞ்சிய கடைசி மேசையில், சிப்ஸ் என்ற பந்தய வில்லைகளில் பாதி அப்பா முன்னால் கோபுரமாக நின்றது. கலசம் மட்டும்தான் பாக்கி.

"பெரிய ஸ்டாக், அதான் இந்தக் குவியல், இருக்கிறவன் யானைடி. சும்மா நடந்தாலே மத்தவன் ஒதுங்கணும்!" என்றார் என் பக்கம் திரும்பி.

யானை நடந்தது. கையில் ஒன்றுமில்லாமலே பந்தயத்தை ஏற்றியது. யாரும் ஒதுங்கவில்லை. இரண்டு நடையில் கோபுரத்தில் ஒரு நிலை காணாமல் போனது.

அம்மாவுக்கு இரண்டு பக்கமும் பயம். ஜெயித்தால் செடி போச்சு. இப்படியே நடந்தால் பத்தாவதாக வெளியே வந்து கிரைண்டரும் போச்சு. போட்டியை நடத்திய தேவராஜா அங்கிளிடம் போனார்.

"அண்ணா, ஒருத்தர் நடுவுல எழுந்து போயிட்டா?"

"ஒரு பிரச்சினையும் இல்லைத் தங்கச்சி. கதிரையில ஆள் இல்லாட்டியும் சீட்டுப் போடுவம், அப்பிடியே மடக்கி வைப்பம். முறை வரேக்க கட்டாயப் பந்தயம் மட்டும் கொஞ்சம் எடுப்பம். மிச்சம் அப்பிடியே இருக்கும்."

"மத்தவங்க?"

"அவையள் தங்களுக்குள்ள அடிபட்டு ஒவ்வொருத்தரா வெளிக்கிடுவினம்."

அம்மா நேராக என்னிடம் வந்தார். "ஹரி, சேஷாத்ரி அங்கிள் குரல் உனக்கு வருமா?"

"அது அவருக்கு வராட்டியும் எனக்கு வரும்."

சேஷாத்ரி அப்பாவின் மேனேஜர். கூப்பிடுவதே மறைத்த நம்பரிலிருந்துதான். அந்த மாசம் ஆபீஸில் எது உடைந்தாலும் அப்பாதான் பார்க்க வேண்டும். என் சம்பளம்: சனிக்கிழமை எல் போர்டு மாட்டி அம்மாவின் காரை நான் ஓட்டலாம். என் போன் நம்பரை மறைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் கார் நிறுத்துமிடத்துக் காவல் தாத்தாவின் குரல். "மேட்! வெள்ளை கேம்ரி உன்னோடதா? லைட் எரியுது மேட்!"

அப்பா ஓடினார். லைட் எரியவில்லை. திரும்பி வருவதற்குள் மேசையில் இரண்டு பேர் காலி.

அடுத்து மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டேன். "நாகராஜன், சிஸ்டம் டவுன். உடனே பாருங்க."

"சார், நான் ஒரு முக்கியமான..."

"உடனே!"

அப்பா காரில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். எல்லாம் ஒழுங்காக ஓடியது. அது அவரை இன்னும் பயமுறுத்தியது. இல்லாத ஓட்டையை வியர்க்க வியர்க்கத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே காலி நாற்காலிக்கு எதிரே கோபுரம் தானாக விளையாடியது. அவ்வப்போது ஒரு செங்கல் போனதே தவிர, அது யாருடனும் வம்புக்குப் போகவில்லை. மற்றவர்கள் அடித்துக்கொண்டு விழுந்தார்கள்.

மூன்று பேர் மிஞ்சினார்கள். ஒரு யூனிவர்சிட்டி மாணவன், யோகா அன்ரி, அப்பாவின் நாற்காலி.

"போதும், சரியாயிடுச்சுன்னு சொல்லு. வரட்டும்," என்றார் அம்மா.

"அம்மா, ஜெயிச்சுட்டா?"

"கோவமா வருவார்டி. கோவத்துல உங்கப்பா எதையாவது மிச்சம் வெச்சுப் பார்த்திருக்கியா?"

அப்பா வந்தார். குறைந்திருந்த கோபுரத்தைப் பார்த்தார். "யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்று கத்தினார். முதல் கையிலேயே இரண்டு ஜாக். "ஆல் இன்!" மொத்தத்தையும் நடுவில் தள்ளினார்.

"ஓம் அண்ணை, நானும் வாறன்," என்றார் யோகா அன்ரி. அவர் கையில் ஜாக்கை விழுங்கும் இரண்டு ஏஸ், முன்னால் அப்பாவுடையதைவிட உயரமான கோபுரம்.

நல்ல சீட்டு இல்லாமல் அன்ரி அன்று முழுக்க ஒரு சிப்கூட நகர்த்தவில்லை. அது மேசைக்கே தெரியும். கார் நிறுத்துமிடத்தில் இருந்த ஒருவருக்கு மட்டும் தெரியாது.

திரும்பும் வழியில் கிரைண்டர் என் மடியில். வாய் சும்மா இருந்தால்தானே! "மேட், லைட் எரியுது மேட்" என்று பின் சீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

கார் ஓரங்கட்டி நின்றது.

"நீயா? நீயாடி அது?"

"அப்பா, சில் பண்ணுங்க..."

"சூழ்ச்சி! சொந்த வீட்டுலயே சூழ்ச்சி! கோபுரம்டி, என் கோபுரம்! யானையைக் கார் பார்க்குல கட்டிப் போட்டுட்டீங்களே! நான் மட்டும் உட்கார்ந்திருந்தா..."

"உட்கார்ந்திருந்தா பத்தாவது," என்றார் அம்மா. "எழுந்து போனதாலதான் மூணாவது. பத்தாவதுக்கு என்னங்க பரிசு?"

அப்பா காரைக் கிளப்பினார். வீட்டுக்கு வந்ததும் புலம்ப ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அந்த வாரம் முழுக்க, "இனி இந்த வீட்டுல ஒருத்தரும் என்னை ஏமாத்த முடியாது!" என்று சுவரிடம், பல்துலக்கும் கண்ணாடியிடம், கூரைக்கடியில் சுகமாக நின்ற கறிவேப்பிலையிடம் எல்லாம் சபதம் செய்தார்.

ஞாயிறு காலை. புது கிரைண்டர் மாவில் முதல் இட்லி. அப்பா மூன்றாவது தடவை போட்டுக்கொள்ளும்போது போன் அடித்தது. மறைத்த நம்பர்.

"நாகராஜன், சிஸ்டம் டவுன். உடனே பாருங்க."

அப்பா நிதானமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அடி கழுதை! யார்கிட்ட? சேஷாத்ரின்னா இன்னும் மூக்கால பேசணும். ஜலதோஷம் பிடிச்ச ஆடு மாதிரி. இன்னைக்கு உனக்குக் குரலே சரியா வரலை. எங்க, மறுபடி கத்து, பார்ப்போம்!"

வாய் நிறைய இட்லியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.